66 சிசி கிட் இஞ்சினும் பர்கூர் மேட்டுத்தோப்பும்

நெட்ல "80 சிசி சைக்கிள் இஞ்சின் கிட்"னு, சாதா சைக்கிள்ல மாட்டுற 2 ஸ்ட்ரோக் இஞ்சின் விக்கிறாங்கல்ல, அது 80 எல்லாம் கெடயாதுங்க. போர் (சிலிண்டர் அகலம்) 47 எம்எம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 38 எம்எம், நீங்களே கணக்கு போட்டு பாருங்க, 66 சிசி தான் வரும். 50 சிசின்னு விக்கிறது 40 எம்எம் போர், அது 48 சிசி. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, எங்க சித்தப்பா பையன் இந்த 80 நம்பி வாங்கி ரேஞ்சர் சைக்கிள்ல மாட்டிட்டு, "அண்ணா, டிவிஎஸ் எக்ஸ்எல்ல விட சிசி ஜாஸ்தி, ஆனா எக்ஸ்எல் அளவுக்கு கூட இழுக்க மாட்டேங்குது, இஞ்சின்ல ஏதாவது பண்ணி பவர் ஏத்தலாமா"ன்னு எங்கிட்ட வந்தான்.

வண்டி ஓடுற எடம் ரோடு இல்ல. பர்கூர் பக்கம் எங்க மாந்தோப்பு, கெணறு கீழ இருக்கு, பெங்களூரா மரம் எல்லாம் மேல மேட்டுல, நடுவுல கல்லும் மண்ணுமா ஒரு வண்டித்தடம். பின்னாடி கேரியர்ல சொட்டுநீர் பைப்பு, ஸ்பேனர் பை, சாப்பாடு, அறுப்பு டைம்னா ஒரு கிரேட்டு மாங்கா. பாதி மேடு ஏறும்போதே ட்ர்ர்ருனு திணறி, கடைசில பெடல் போட்டு தான் ஏத்தணும். இதுக்கு பெடல் சைக்கிளே மேல், பெட்ரோல் செலவாவது மிச்சம்.

நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல 2 ஸ்ட்ரோக் தெரிஞ்ச கைக்கு மட்டும் பஞ்சமே இல்ல, அது ஒரு வசதி. 1980ல டிவிஎஸ் 50 வந்ததே ஓசூர் ஃபேக்டரில இருந்து தான, ரெண்டு பேர் ஒக்காந்து போற மாதிரி இந்தியாவுல வந்த மொத மொபெட் அது. அதுக்கப்புறம் எக்ஸ்எல் சூப்பர், 69.9 சிசி. பிஎஸ்6 பொகை விதி வந்ததுக்கப்புறம் 2 ஸ்ட்ரோக் எக்ஸ்எல் புதுசா கெடைக்காது, எல்லாம் 99.7 சிசி 4 ஸ்ட்ரோக் தான், ஆனா பழைய வண்டிங்கள பிரிச்சு மாட்டுன பெரியவங்க ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தராவது இருக்காங்க. காவேரிப்பட்டணத்துல அந்த மாதிரி ஒரு பெரியவர்கிட்ட தான் வண்டிய கொண்டு போனோம். இவன் போனதும் பெரிய கார்பரேட்டர் போடலாமா, ரேஸ் சைலன்சர் போடலாமா, ரீட் வால்வு (உள்ள போன கேஸ் திரும்பி வராம தடுக்கிற தகடு) போடலாமான்னு ஃபோன்ல வீடியோவா காட்றான். அவர் ஃபோன பாக்கவே இல்ல, வண்டிய ஐடில்ல விட சொல்லி காத கிட்ட வெச்சு கேட்டுட்டு "ஏம்ப்பா, இது கள்ளக்காத்து இழுக்குது, அத விட்டுட்டு நீ சைலன்சர் பேசிக்கிட்டு இருக்க"ன்னாரு.

கார்பரேட்டர் வந்து இன்டேக் குழாய் மேல சும்மா சொருகி ஒரு ஸ்க்ரூ வெச்சு இறுக்குறது தான் இந்த கிட்ல. அந்த எடத்துல ஒரு நூல் கேப் இருந்தாலும் காத்து உள்ள போகும், பெட்ரோல் போகாது, ஆக கலவை லீன் ஆயிடும். லீன் ஆனா வண்டி கொஞ்ச நேரம் நல்லா ஓடற மாதிரி தான் இருக்கும், அது தான் மோசம், அப்புறம் மேட்டுல முறுக்கும்போது சூடு ஏறி பிஸ்டன் சீஸ், அதாவது சிலிண்டருக்குள்ளயே இறுகி நின்னுடும். கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே எடுத்து அந்த ஜாயின்ட்ல லேசா அடிச்சாரு, ஐடில் சட்டுனு மாறிச்சு. அங்க தான் ஓட்டை. (வீட்ல செய்றவங்க இஞ்சின் ஆறி இருக்கும்போது செய்ங்க, சைலன்சர் பக்கம் ஸ்ப்ரே போகக்கூடாது, பத்திக்கும்.) குழாய் மேல ஒரு ரப்பர் ஓ-ரிங் போட்டு இறுக்குனதும் அது சரியாச்சு.

அடுத்து இன்டேக் பேக்கிங் கழட்டுனாரு. இத பக்கத்துல வெச்சு பாத்தேன், சிரிப்பு தான் வந்துச்சு. இஞ்சின் போர்ட் (கேஸ் உள்ள போற வாய்) ஓட்டை ஒரு ஷேப், பேக்கிங் ஓட்டை ஒரு ஷேப், குழாய் ஓட்டை வேற ஒரு ஷேப், மூணும் ஒன்னு மேல ஒன்னு வெச்சா பேக்கிங் பேப்பர் போர்ட்டுக்குள்ள பொறை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. கேஸ், அதாவது பெட்ரோலும் காத்தும் கலந்தது, போற வழில பாதிய நாமளே அடைச்சு வெச்சிட்டு பெரிய கார்பரேட்டர் தேடறோம். பேக்கிங்க பிளேடால வெட்டி, குழாய உருண்ட அரத்துல ராவி, மூணு ஓட்டையும் ஒரே அளவா ஆக்குனாரு. சிலிண்டர் உள்ள போர்ட் ஓரத்துல வார்ப்புல விட்ட பிசிறு இருந்துச்சு, அதையும் எமரி வெச்சு எடுத்தாச்சு, ஓரம் கூர்மையா இருந்தா பிஸ்டன் ரிங் மாட்டி ஒடயும்னு வெரல் விட்டு தடவி தடவி பாத்தாரு. எக்ஸாஸ்ட் போர்ட்ட பெருசு பண்ணி தாங்கன்னு இவன் கேட்டான், அவர் ஒத்துக்கல. அகலம் ஓவரா போனா ரிங்கு அந்த ஓட்டைக்குள்ள பிதுங்கி மாட்டிக்கும், ஒயரம் ஏத்துனா பவர் மேல் ஆர்பிஎம்முக்கு போயிடும், மேடு ஏற இருக்கிற கொஞ்ச இழுவையும் போயிடும். அவர் சொன்னது எனக்கு நூத்துக்கு நூறு சரின்னு பட்டுச்சு.

ஹெட்டு கழட்டி கண்ணாடி மேல எமரி ஷீட் ஒட்டி எட்டு போடற மாதிரி தேச்சோம். நடுவுல மட்டும் கருப்பா விட்டுப்போய் ஓரம் மட்டும் பளபளன்னு வந்துச்சு, அப்படின்னா ஹெட்டு சமமா இல்ல, அந்த வழியா கம்ப்ரஷன் ஒழுகுது. முழுசும் ஒரே கலர் வர்ற வரைக்கும் தேச்சு, ஸ்டட் நட்ட குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முடுக்குனோம். லேத்துல குடுத்து ஃபேஸிங் போட்டு (ஹெட்ட கொஞ்சம் சீவி) கம்ப்ரஷன் ஏத்தலாம், நெறைய பேர் ஏத்தறாங்க. ஆனா ஏப்ரல் மே வெயில்ல, காத்துல மட்டும் ஆறுற இஞ்சின், மெதுவா மேடு ஏறுது, காத்தே படாது, அதுல கம்ப்ரஷன ஏத்தி வெச்சா நாக்கிங், அதாவது உள்ள கண்டபடி வெடிச்சு தட்டுற சத்தம், தான் வரும். வேணாம்னு விட்டுட்டோம்.

இப்ப முக்கியமான சமாச்சாரம், ஸ்ப்ராக்கெட், செயின் ஓடுற பல்சக்கரம். இதுல தான் எனக்கும் தம்பிக்கும் சண்டை. கிட்டோட வர்றது முன்னாடி 10 பல்லு, பின்னாடி 44 பல்லு, உள்ள கியர்ல 20க்கு 82. மொத்தமா இஞ்சின் சுமார் 18 சுத்து சுத்துனா வீல் ஒரு சுத்து. 26 இன்ச் வீல் ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர் சொச்சம் போகும், அப்ப 6000 ஆர்பிஎம்ல மணிக்கு 41 கிமீ. பின்னாடி 36 பல்லு போட்டா அதே ஆர்பிஎம்ல 50 கிமீ. தம்பி இந்த 50அ பாத்துட்டான், அவ்ளோ தான், 36 தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். டேய் சமதரைல 50 போவும்டா, மேட்டுல இப்ப பாதில நிக்கிறது கால்வாசிலயே நின்னுடும்டான்னு சொல்லி, 48 பல்லு வாங்க வெச்சேன். 48ல டாப் ஸ்பீடு 38 கிமீ. வெறும் 3 கிமீ தான் கொறையுது, ஆனா வீலுக்கு போற இழுவை பத்துல ஒரு பங்கு கிட்ட ஏறுது, இஞ்சின்ல ஒன்னுமே தொடாம. அந்த சைக்கிள் ப்ரேக்க வெச்சுக்கிட்டு 50ல போய் எங்க நிறுத்தப்போறான், தென்னமரத்துலயா.

ஸ்ப்ராக்கெட் மாட்டுறது தான் பொறுமைய சோதிக்கிற வேல. ஹப்புல இல்ல, வீலோட ஸ்போக்ஸ் கம்பில தான் நிக்குது அது, ரெண்டு பக்கமும் ரப்பர் வட்டு, உள்பக்கம் பட்டை, ஒன்பது போல்ட்டு. ஒரு போல்ட்ட மட்டும் முழுசா இறுக்கிட்டா ஸ்ப்ராக்கெட் கோணிக்கும், வீல சுத்திவிட்டு பாத்தா செயின் இடமும் வலமும் ஆடும். எல்லாத்தையும் பாதி பாதியா இறுக்கி, சுத்தி பாத்து, மறுபடி இறுக்கணும். செயின் தொங்காம இழுத்து புடிக்கிற டென்ஷனர இன்னும் கவனமா பாருங்க. ஃப்ரேம் குழாய சும்மா கவ்விக்கிட்டு நிக்கிற ஒரு பட்டை அது, லூஸ் ஆனா அப்படியே திரும்பி பின்வீல் கம்பிக்குள்ள போயிடும், வீல் லாக், ஆள் கீழ. நாங்க ட்யூப் துண்டு வெச்சு சுத்தி, பட்டைக்கு ஒரு சப்போர்ட் வெல்டிங் போட்டு தான் விட்டோம். இஞ்சினோட அதிர்வு வேற சும்மா இல்ல, நைலான் வெச்ச நட்டு இல்லன்னா ஒவ்வொன்னா கழண்டு தடத்துல பொறுக்கணும்.

சைலன்சர் கதைக்கு வரேன், இவன் ஆசைப்பட்ட அந்த வயிறு பெருத்த சைலன்சர். அது சும்மா சத்தத்துக்கு இல்ல. 2 ஸ்ட்ரோக்ல பழைய பொகை வெளிய போகும்போது புது கேஸும் கொஞ்சம் கூடவே ஓடிடும். அந்த பெருத்த கொழாய்ல போற அலை பின்பக்க கூம்புல மோதி திரும்பி வந்து, ஓடிப்போன கேஸ மறுபடி சிலிண்டருக்குள்ளயே தள்ளிடும். கிழக்கு ஜெர்மனில எம்இசட் கம்பெனில வால்டர் காடன்னு ஒருத்தர் 1950கள்ல இத ரேஸ் வண்டிக்கு ஒழுங்கா வடிவமைச்சாரு. அவர் டீம்ல ரேஸ் ஓட்டுன எர்ன்ஸ்ட் டெக்னர் 1961ல நாட்ட விட்டே ஓடிப்போய் சுசுகில சேந்து, 1962ல அதே டெக்னிக்க வெச்சு 50 சிசி உலக சாம்பியன் ஆனாரு. அம்பதே சிசி, நம்ம டிவிஎஸ் 50 சைஸு! ஆனா ஒரு விஷயம், அந்த அலை திரும்பி வர்ற நேரம் ஏதோ ஒரு ஆர்பிஎம்முக்கு மட்டும் தான் செட் ஆகும். கடைல வர்றதுல பலது மேல் ஆர்பிஎம்முக்கு. குழாய் நீளம் ஜாஸ்தி ஆனா அந்த எடம் கீழ் ஆர்பிஎம்முக்கு எறங்கி வரும். அதனால வாங்குனதும் முன் குழாய்ல ஒரு துண்டு சேத்து வெல்டிங் போட்டு நீளம் பண்ணோம், இப்ப மேடு ஏறுற வேகத்துலயே லேசா ஒரு தள்ளு தெரியுது. இத மாத்துனா கார்பரேட்டர் ஜெட்டும் (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) ஒரு சைஸ் பெருசு பண்ணி ஆகணும், இல்லன்னா மறுபடி லீன். ப்ளக் என்ஜிகே பி6ஹெச்எஸ் போட்டு, முழு முறுக்குல மேடு ஏறி டக்குனு ஆஃப் பண்ணி கழட்டி பாத்தோம், காபிப்பொடி கலர்ல இருந்துச்சு. வெள்ளையா இருந்தா ஓட்டாதீங்க.

ஒன்னு சொல்லிடறேன், இத தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வராதீங்க, ஹைவேஸ் பக்கம் சுத்தமா வேணாம். 1988 மோட்டார் வாகன சட்டப்படி நாலு சக்கரத்துக்கு கம்மியா இருந்து 25 சிசிக்குள்ள இருந்தா தான் அது மோட்டார் வாகனம் இல்ல. 66 சிசின்னா ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேணும், இந்த கிட் சைக்கிளுக்கு எந்த ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சி தருவாங்க? சாந்தூர், போச்சம்பள்ளி சந்தைக்கு போய்வர வண்டி தேடறவங்க 250 வாட், 25 கிமீக்குள்ள போற எலக்ட்ரிக் சைக்கிளே பாருங்க, அதுக்கு இந்த தொல்ல இல்ல. தம்பிக்கு இது பிடிக்கல, ஆனா தோப்புக்கு வெளிய எடுக்கறது இல்ல.

பெட்ரோல் ஆயில் கலக்கறது பத்தி. புது இஞ்சினுக்கு லிட்டருக்கு 60 மில்லி, பழகுனப்புறம் 40 மில்லி 2டி ஆயில், நாங்க அப்படி தான் ஊத்தறோம். எக்ஸ்எல்லுக்கு ஊத்துன பழக்கத்துல 20 மில்லியோட நிறுத்திடாதீங்க, இந்த கிட் பேரிங்குக்கு அது பத்தாது. பங்க்ல இப்ப வர்றது இ20, எத்தனால் 20 சதவீதம், அது இன்னும் கொஞ்சம் லீன் பண்ணும், ஜெட் பாக்கும்போது அதையும் மனசுல வெச்சுக்கோங்க. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த வேற இழுக்கும், பழைய பெட்ரோல் ட்யூப் எல்லாம் ஊறி வெடிப்பு விடுது. அறுப்பு முடிஞ்சு வண்டி சும்மா நிக்கிற மாசத்துல டேங்க காலி பண்ணி, கார்பரேட்டர் கிண்ணத்துல இருக்கிறதையும் எரிய விட்டு தான் ஷெட்ல நிறுத்தறோம். ரீட் வால்வு பத்தி இன்னும் கேட்டுக்கிட்டே தான் இருக்கான், கீழ் ஆர்பிஎம்ல உண்மையாவே அது உதவும், அதனால அத மட்டும் அடுத்த சீசனுக்கு முன்னாடி போட்டு பாக்கலாம்னு இருக்கோம், ஆனா அதுக்கு முன்ன முன்வீல் ப்ரேக் மாத்தணும்னு சொல்லிட்டேன்.