ஆறா, ஏழா? உயிரியல் வகுப்பு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

7ஆம் வகுப்பில் இன்று பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆளுக்கு ஒரு செம்பருத்திப் பூ கொடுத்தேன். இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது, பார்த்து வரையவேண்டும், அவ்வளவுதான். அல்லி, புல்லி என்ற பெயர்களெல்லாம் பிறகு. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் மிருகங்கள் முதலில் ஆதாமின் கண்முன் வந்து நிற்கின்றன. அதன்பிறகுதான் அவன் பேரிடுகிறான். நாமோ பெயரை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, பூவைக் காட்டாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் "முடிச்சிட்டேன் மிஸ்" என்றார்கள். திருப்பி அனுப்பினேன். பத்தாவது நிமிடத்துக்குப் பிறகுதான் உண்மையான படங்கள் வரத் தொடங்கின.

ஆகஸ்ட் 6, புதன்

சண்டை. பச்சைப் புல்லி வட்டத்துக்கு வெளியே மெல்லிய இலைபோல இன்னொரு வட்டம் இருக்கிறதே, அதில் எத்தனை? ஒரு மாணவி ஆறு வரைந்திருந்தாள், பக்கத்துப் பையன் ஏழு. இருவரும் எழுந்து நின்று வாதாடினார்கள். இரண்டு பூவையும் வாங்கி எண்ணினோம். இரண்டு பேரும் சரி.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மறுத்துப் பேசுவதில் தனி ருசி. 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில எழுத்தாளர் டொரதி சேயர்ஸ் ஆற்றிய உரையின் சாரம் இதுதான்: இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி என்ற மூன்று படிகள் கொண்ட பழைய டிரிவியக் கல்விமுறையின் இரண்டாம் படியான தர்க்கத்தைக் கற்பிக்க இந்தப் பருவமே ஏற்றது. வாயாடுகிறார்கள் என்று அடக்கினால் அந்தப் பசியை வீணாக்குகிறோம்.

ஆனால் பிறகு நான் செய்தது தவறு. அந்த மாணவி கேட்டாள்: "இதழ் எல்லார் பூவிலும் அஞ்சுதான் இருக்கு மிஸ். இது மட்டும் ஏன் மாறுது?" மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. "கர்த்தர் அப்படிப் படைச்சிருக்கார்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டை மூடினாள். அவள் மூடிய விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இரவு தூக்கம் சரியாக இல்லை. நான் சொன்னது பொய்யல்ல, முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் பதில் தெரியாததை மறைக்க அந்த உண்மையைத் திரையாக இழுத்துவிட்டேன். கர்த்தருடைய நாமத்தை வீணாக வழங்குவதில் இதுவும் ஒரு வகையோ என்று பயமாக இருந்தது.

காலையில் வகுப்பில் அதை அப்படியே சொன்னேன். பிறகு அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்களைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பொருள் எதனால் ஆனது, அதன் வடிவம் என்ன, எது அதை உண்டாக்கியது, அது எதற்காக. பூவைக் கையில் வைத்துக்கொண்டு நான்கையும் கேட்கச் சொன்னேன். இதழ் செல்களால் ஆனது. மகரந்தத் தாள்கள் ஒன்றாய் இணைந்து குழலாகி, சூல்தண்டைச் சுற்றி நிற்கின்றன. இப்படியே ஒவ்வொன்றாக.

"கடவுள் படைச்சார்னா, செல் பிரிஞ்சு வளருதுங்கிறது பொய்யா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி. கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி அது. இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே முதற்காரணமான கடவுளையும், படைப்புகள் வழியாகச் செயல்படும் இரண்டாம் காரணங்களையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். படைத்தவர் தம் படைப்புகளுக்கும் உண்மையாகவே செயல்படும் ஆற்றலைத் தருகிறார். செல் பிரிவதை விளக்கிவிட்டால் கர்த்தருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கர்த்தரைச் சொல்லிவிட்டதால் நுண்ணோக்கியை மூடிவைக்கவும் முடியாது.

பண்டைத் திருச்சபையின் பெரும் ஆசிரியரான அகுஸ்தீன் ஆதியாகம விளக்கத்தில் எழுதிய எச்சரிக்கையையும் சொன்னேன். இயற்கையைப் பற்றி நன்கறிந்த அவிசுவாசியின் முன்னால், வேதத்தின் பெயரால் அறியாமையைப் பேசும் கிறிஸ்தவன் வேதத்துக்கே அவமானம் தேடித்தருகிறான் என்பது அவர் கருத்து. நேற்றைய எனக்கே சொன்னதுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தேர்வு, விடுமுறை. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 3, புதன்

இன்று பாடம் மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல். அவர் அகுஸ்தீனியத் துறவி என்றதும் "அந்த அகுஸ்தீனா மிஸ்?" என்று கேட்டார்கள். ஆம், அவர் பெயரால் அமைந்த சபைதான். 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் சுமார் 28,000 பட்டாணிச் செடிகள்.

முடிவைச் சொல்லாமல், கலப்பின் இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணிய விதைகளின் எண்களை மட்டும் கொடுத்தேன். உருண்டை விதை 5,474. சுருங்கிய விதை 1,850. வகுத்துப் பார்த்தார்கள், 2.96 வந்தது. "மூணு இல்லையே" என்றான் ஒருவன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. மூன்று என்று அவர் எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. அந்த மாணவி மெதுவாகச் சொன்னாள்: "எண்ணினதைத்தானே மிஸ் எழுதணும்."

அன்றைய அந்த ஆறும் ஏழும் அவளிடம் உயிரோடிருந்தன. சங்கீதம் 111 கர்த்தரின் செய்கைகள் அவற்றில் பிரியப்படுகிறவர்களால் ஆராயப்படுகின்றன என்கிறது. அந்தப் பிரியம் எப்படியிருக்கும் என்பதை இன்று ஒரு பன்னிரண்டு வயதுக் குரலில் கேட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

அவளே இன்று ஓர் அடுக்குச் செம்பருத்தி கொண்டுவந்தாள். இதழ் ஐந்துதான் என்ற எங்கள் விதி உடைந்தது. பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். பிரித்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே போகப்போக இதழ்கள் சிறுத்தன. ஒன்றின் ஓரத்தில் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி இதழ், பாதி மகரந்தத் தாள்.

அறை முழுக்க அந்த ஒரு துண்டைச் சுற்றிக் கூடிவிட்டது. மகரந்தத் தாள்கள்தாம் இதழாக மாறியிருக்கின்றன என்று நான் சொல்வதற்கு முன்பே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். வெளிவட்டம் ஏன் ஆறும் ஏழுமாக மாறுகிறது என்ற அவளுடைய கேள்வி மட்டும் சுவரில் ஒட்டிய தாளில் அப்படியே இருக்கிறது. எடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை எல்லோரும் விரியாத மொட்டுகளோடு வருகிறார்கள். பிளேடு நான் கொண்டுபோகவேண்டும்.