பனி பெய்யாத ஊரின் பாட்டுகள்: பாடாங் செராய், டிசம்பர் 2023

1 டிசம்பர், வெள்ளி

ஐரிஷ் பாடகர் ஷேன் மெக்கவன் இறந்துவிட்டார். நேற்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் மகள்தான் போனை நீட்டிக் காட்டினாள். 65 வயது. 1957 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவருக்கு இந்தக் கிறிஸ்துமஸ் கிடைக்கவில்லை.

அவருடைய த போக்ஸ் குழுவோடு கிர்ஸ்டி மெக்கால் சேர்ந்து பாடி 1987இல் வந்த ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’தான் எனக்கு மிகப் பிடித்த கிறிஸ்துமஸ் பாட்டு. கிறிஸ்தவக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டவர்கள் உண்டு. சொல்லலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி குடித்துவிட்டு லாக்கப்பில் கிடக்கிறான் ஒருவன். அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போன சனம். வாலிபத்தில் அவனும் ஒருத்தியுமாகக் கட்டிய ஆசைகள், அப்புறம் வாய்கொள்ளாத வசவு, அந்த வசவுக்குள்ளும் அறுந்துபோகாத ஏதோ ஒன்று. கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் தோட்டத் தொழிலாளர்களின் எத்தனை லயத்து வீட்டு டிசம்பரைத் தின்றன என்பதை மலேசியாவின் இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த வீடுகளின் வாசலிலும் நட்சத்திர விளக்கு தொங்கத்தான் செய்தது. அவர்களுக்காக யார் பாடினார்கள்?

அந்த வருடம் பிரிட்டனில் இதை முதலிடத்துக்கு விடாமல் தடுத்தது பெட் ஷாப் பாய்ஸின் ‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’. எல்விஸ் முன்பே பாடியதை இவர்கள் மறுபடி பாடினார்கள், அதாவது கவர். ஒரு கவர் பாட்டிடம் தோற்றது என்று சொல்ல எனக்கு வருத்தமில்லை. அந்தக் கவரும் நல்ல கவர்.

3 டிசம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து பாடகர் குழு உட்கார்ந்தது. இந்த முறை வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்டுக்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில். பிள்ளைகள் ‘வேற மாதிரி’ பாட்டு கேட்கிறார்கள். பெரியவர்கள் ‘பக்தரே வாரும்’, ‘ராக்காலம்’, ‘கேள் ஜெனித்த ராயர்க்கே’ இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான்.

நான் ஒரே ஒரு விதி போட்டேன். பனி, சறுக்குவண்டி, புகைபோக்கி வரும் பாட்டு எதுவும் வேண்டாம். மழையில் நனைந்த சிலிப்பரோடு செம்பனைக்கு நடுவில் நடந்து போய், ஒரு வீட்டு வாசலில் நின்று பனியைப் பாடுவதில் எனக்கு எப்போதுமே மனம் ஒட்டியதில்லை. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மட்டும் சின்னப் பிள்ளைகளுக்காக இருக்கட்டும். 1857இல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே கிடையாது, முழுக்கக் குதிரை வண்டி சவாரிதான் என்று சொன்னபோது பாஸ்டர் ஐயாவே ஆச்சரியப்பட்டார்.

“அப்ப என்னதான் பாடப் போறோம் சித்தப்பா?” என்றாள் அண்ணன் மகள். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கிறவர்கள், வீடே இல்லாதவர்கள் பாடிய பாட்டுகளைத் தேடப் போகிறேன் என்றேன். பெத்லகேம் கதையே இடம் கிடைக்காதவர்களின் கதைதானே.

6 டிசம்பர், புதன்

முதல் பாட்டு முடிவாகிவிட்டது. போனி எம்.

சிரிக்க வேண்டாம். தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், கேசட் ரேடியோ வைத்திருந்த வீட்டிலெல்லாம் டிசம்பர் பிறந்தால் அந்தக் குரல்கள்தான். கோயிலுக்குப் போகிறவர்கள், மாரியம்மன் திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறவர்கள் என்று பேதம் கிடையாது. ‘மேரிஸ் பாய் சைல்ட்’ ஓடினால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். அது 1978இல் வந்தது, அந்த வருடம் பிரிட்டனின் கிறிஸ்துமஸ் முதலிடப் பாட்டும் அதுதான். ஆனால் அது கவர் பாட்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

முதலில் அதை ஊரறியப் பாடியவர் ஹாரி பெலஃபோன்டே, 1956இல். இந்த ஏப்ரலில்தான் அவரும் போனார். எழுதியவர் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் என்ற கறுப்பினப் பாடகர், பாடகர் குழுக்களை நடத்தியவர். 1901இல் வட கரோலைனாவில் பிறந்தவர். அவருடைய தாத்தா பாட்டி தோட்ட அடிமைகள். இதை முதன்முதலில் படித்த அன்று நான் எழுந்து வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் லயத்தில் விடிய விடிய ஓடிய பாட்டு, இன்னொரு தோட்டத்து லயத்திலிருந்து வந்த பேரன் எழுதியது! நாங்கள் கூலி பேசிக் கப்பலேறி வந்தவர்கள், அவர்கள் விலைக்கு விற்கப்பட்டவர்கள். இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தோட்டத்துப் பேரனின் பாட்டை, ஜமைக்கா, மொன்செராட், அரூபா தீவுகளிலிருந்து போனவர்கள் சேர்ந்த போனி எம் குழு ஜெர்மனியில் இருந்துகொண்டு பாட, அது கெடாவில் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததே, அதை எந்தக் கம்பெனியும் திட்டமிட்டிருக்க முடியாது.

பெலஃபோன்டே பாடியதையும் போனி எம் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முன்னது நிதானம், ஒருவர் தனியாக நின்று கதை சொல்கிறார். பின்னதில் தாளம் காலைப் பிடித்து இழுக்கிறது. கேரலுக்கு நடந்துகொண்டே பாட இரண்டாவதுதான். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் முதலாவது. ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் பழகப்போகிறோம்.

9 டிசம்பர், சனி

அயர்லாந்தின் நீனா ஊர்த் தேவாலயத்தில் நேற்று நடந்த மெக்கவன் அடக்க ஆராதனையைப் பார்த்தேன். க்ளென் ஹான்சார்டும் லிசா ஓநீலும் ‘ஃபேரிடேல்’ பாட, குடும்பத்தார் எழுந்து பீடத்துக்கு முன்னாலேயே ஆடினார்கள். நம் ஊரில் சாவு வீட்டில் பறை அடித்து ஆடுவதைப் பார்த்தவனுக்கு இதில் அந்நியமாக ஒன்றும் படவில்லை. வசவு வரும் பாட்டை வீட்டு வாசல்களில் பாட முடியாது, அதனால் பட்டியலில் சேர்க்கவில்லை. ராத்திரி எனக்காக மட்டும் மெட்டை வாசித்துக்கொண்டேன்.

இன்னொரு செய்தி: 1958இல், 13 வயதில், பிரெண்டா லீ பாடிய ‘ராக்கிங் அரவுண்ட் த கிறிஸ்துமஸ் ட்ரீ’ இந்த வாரம் அமெரிக்காவில் முதலிடம். 65 வருடம் கழித்து! இப்போது அவருக்கு 78. வாழ்க.

13 டிசம்பர், புதன்

வார்த்தையில்லாத பாட்டு ஒன்றைச் சேர்க்க நினைக்கிறேன். ரியூச்சி சகாமோட்டோவின் ‘மெரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்’. நாகிசா ஓஷிமா இயக்கி 1983இல் வந்த படத்தின் இசை அது. ஜாவாவில் ஜப்பானியர் நடத்திய போர்க்கைதி முகாம், 1942. டேவிட் போவி கைதி. முகாம் தலைவனாக நடித்ததும் சகாமோட்டோதான். கைதிகளை அடிக்கிற சார்ஜன்ட் ஒருவன், சாக்கே குடித்த ஒரு கிறிஸ்துமஸ் இரவில், சாவை எதிர்பார்த்திருந்த லாரன்ஸ் என்ற கைதியை விடுவித்துவிடுகிறான். போர் முடிந்ததும் நிலைமை தலைகீழ். மறுநாள் தூக்கிலேறப் போகிற அதே சார்ஜன்ட், பார்க்க வந்த லாரன்ஸுக்கு வாழ்த்துச் சொல்கிறான். பாட்டின் பெயர் அந்த வாழ்த்துதான்.

பனியும் இல்லை, மணியும் இல்லை. என் காதுக்கு அந்த மெட்டின் தொடக்கம் சுத்த தன்யாசியின் பக்கத்து வீடு. இசை தெரியாதவர்கூட இரண்டாவது தடவை முணுமுணுத்துவிடுவார். சகாமோட்டோவே அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்: படத்தில் மின்னிசையாக, பிறகு பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து, பிறகு தனிப் பியானோவில். ஒருவர் தன் பாட்டுக்கே கவர் செய்துகொண்டே போனால், ஒவ்வொரு தடவையும் எதையாவது கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் எலும்பும் மூச்சும் மட்டும் மிஞ்சும். அந்தத் தனிப் பியானோதான் எனக்கு உச்சம். இந்த மார்ச்சில் அவரும் இறந்தார். இது என்ன வருடமோ.

தயக்கம் ஒன்று உண்டு, அது இசையைப் பற்றியதல்ல. என் பாட்டியின் தம்பியை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரண்டு முனையும் இணைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். திரும்பாதவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூடச் சரியாக இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. படத்திலும் அவர்கள் இல்லை. ஆனாலும் இந்த மெட்டைக் கேட்கும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது. இதை வாசிக்க வேண்டும் என்று தோன்றுவதும் அதனால்தான்.

16 டிசம்பர், சனி

ஒத்திகை. ‘சைலன்ட் நைட்’டின் தமிழ் வடிவமான ‘ஒப்பில்லா திரு இரா’வுக்கு ஆர்கன் வேண்டாம், கிட்டார் மட்டும் போதும் என்றாள் அண்ணன் மகள். மூத்த அண்ணன் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. “கோயில் பாட்டும்மா இது, கடை பாட்டு இல்ல.”

நான் அவருக்கு ஓபெர்ண்டோர்ஃப் கதையைச் சொன்னேன். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஆஸ்திரியாவில் ஆற்றோரத்துச் சின்னக் கோயில். வரிகளை எழுதியவர் உதவிக் குருவான ஜோசப் மோர். திருமணமாகாத தாய்க்குப் பிறந்தவர். தாய் தையல் பூவேலை செய்து பிழைத்தவர், தகப்பன் பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவர். மெட்டுப் போட்டவர் பள்ளி ஆசிரியர் க்ரூபர். இருவரும் நின்று பாட, கூடவே ஒலித்தது மோரின் கிட்டார்தான். ஆர்கனோடு இன்று நாம் பாடுவதுதான் கவர். பிள்ளை கேட்பது அசல்.

அண்ணன் யோசித்துவிட்டு, “சரி, ஆனா இழுத்துப் பாடாத” என்றார். அதுவும் சரியான பேச்சு. க்ரூபர் போட்ட மெட்டு தாலாட்டு ஆடுகிற ஆறு எட்டுத் தாளம். நாம்தான் வருடக்கணக்காக இழுத்து இழுத்து அதை ஊர்வலமாக்கிவிட்டோம். இன்று அந்தத் தாளத்தில் பாடினோம். அறையே லேசானது.

18 டிசம்பர், திங்கள்

கிர்ஸ்டி மெக்கால் இறந்த நாள். 2000, மெக்சிகோ கடல். விரைந்து வந்த படகின் வழியிலிருந்து மகனைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டார். அந்தப் பெண்ணின் குரல் இல்லாத ‘ஃபேரிடேல்’ கவர் ஒன்றுகூட எனக்கு முழுதாகப் பிடித்ததில்லை.

21 டிசம்பர், வியாழன்

இன்று ஆஸ்திரேலியர்கள் பால் கெல்லியின் ‘ஹவ் டு மேக் கிரேவி’யைப் போட்டுக் கேட்கும் நாள். டிசம்பர் 21 தேதியிட்டு, சிறையிலிருந்து ஒருவன் தன் சகோதரனுக்கு எழுதும் கடிதம்தான் பாட்டு. பல்லவி கிடையாது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், யார் யார் வருகிறார்கள், இந்த வருடம் கிரேவி யார் வைப்பது, மாவு எப்படி, உப்பு எப்படி, கொஞ்சம் வைன், கொஞ்சம் தக்காளி சாஸ். நடுவில் பொறாமை, அழுகை, மன்னிப்பு. கொளுத்துகிற வெயில் கிறிஸ்துமஸ். 1996இல் ஒரு தொண்டுத் தொகுப்புக்குப் பாட்டுக் கேட்டபோது, டார்லீன் லவ் 1963இல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் கவர் செய்ய நினைத்தாராம். அதை வேறொருவர் எடுத்துவிட்டதால் சொந்தமாக எழுதினார். அந்த வேறொருவருக்கு நன்றி.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகனுக்கு இந்த வருடம் லீவு இல்லை. நேற்றுப் போன் செய்து, ஆட்டுக்கறிப் பெரட்டலுக்கு மிளகு எப்போது போடுவது என்று அம்மாவிடம் கேட்டான். அவன் பேசி முடித்ததும் இந்தப் பாட்டின் சுட்டியை அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

23 டிசம்பர், சனி

காலையில் செய்தி: வாம் இரட்டையரின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ வந்து 39 வருடம் கழித்து முதன்முறையாக பிரிட்டனின் கிறிஸ்துமஸ் முதலிடம். 1984இல் எத்தியோப்பியப் பஞ்ச நிதிக்காக வந்த பேண்ட் எய்ட் பாட்டு அதைத் தடுத்தது. ஆனால் வாம் இருவரும் தங்கள் ராயல்டியை அதே எத்தியோப்பியப் பஞ்சத்துக்கே கொடுத்தார்கள். அதைப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் 2016 கிறிஸ்துமஸ் அன்று போனார்.

மாலையிலிருந்து கேரல் ரவுண்டு. மழை விட்டுவிட்டது. தாமான் குடியிருப்பில் தொடங்கி, இன்னும் ஆள் இருக்கும் பழைய லயம் வரை. நடக்கும்போது போனி எம் தாளத்தில் ‘மேரிஸ் பாய் சைல்ட்’. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள் சைக்கிளில் கூடவே வந்தார்கள்.

லயத்துக் கோடி வீட்டில் இருக்கும் பெரியவரின் அப்பாவும் சயாமுக்குப் போனவர். அவருக்கு முன்னால் கீபோர்டைத் திறந்து சகாமோட்டோவை வாசித்தேன், அண்ணன் மகள் கிட்டாரில் சேர்ந்தாள். முடிந்ததும் கேட்டார்:

“யாரு போட்ட மெட்டு தம்பி?”

“ஒரு ஜப்பான்காரர், ஐயா.”

“ஜப்பான்காரனா? நல்லாத்தான் போட்டிருக்கான்.” பிறகு தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்தத் தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள், லாரியில் யார் யார் ஏறினார்கள், எந்த ஸ்டேஷன் வரை செய்தி வந்தது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது, ஒருவரும் எழவில்லை. கடைசியில் அவரே ‘பெத்தலேகேம் ஊரோரம்’ எடுத்துக்கொடுத்தார். சுருதி நாங்கள்தான் மாற்றிக்கொண்டோம்.

26 டிசம்பர், செவ்வாய்

கணக்குப் பார்த்தோம். கிட்டார் மட்டும் வைத்துப் பாடிய ‘ஒப்பில்லா திரு இரா’ நிரந்தரம். பெலஃபோன்டே வடிவம் வீட்டுக்குள் நன்றாக நின்றது, அடுத்த முறை இன்னும் மெதுவாக. சகாமோட்டோவை எல்லா வீட்டிலும் வாசிக்க வேண்டாம், கேட்கிற வீட்டில் போதும்.

அடுத்த வருடம் ஜோனி மிட்செலின் ‘ரிவர்’ வேண்டும் என்கிறாள் அண்ணன் மகள். 1971, ‘ப்ளூ’ தொகுப்பு. தொடக்கத்தில் பியானோவில் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டே நிறம் மாறி வருகிறது. ஆனால் அதில் உறைந்த ஆற்றில் சறுக்குகிற பேச்சு உண்டு, என் விதிக்கு ஆகாது என்றேன். “பாடுறவங்க இருக்கிற ஊர்ல பனியே இல்ல சித்தப்பா. இல்லாததுக்குத்தானே ஏங்குறாங்க?” என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அவள் சொல்வது சரி. இடக்கைப் பகுதியை இன்று எடுத்துப் பார்த்தேன், பழக இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.