பயிற்சிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள்

சிவகாசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், பெண் பிள்ளைகளுக்குக் கபடியும் ஓட்டமும் பழக்குகிறேன். பல வீடுகளில் அப்பா, அம்மா இரண்டு பேருமே பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ (இங்கே ஆலையை ஆபீசு என்றுதான் சொல்வோம்) போகிறவர்கள். காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள், அதுவரை வீடு மூத்த பெண்ணின் பொறுப்பு. அவள் நாலைந்து நாள் பயிற்சிக்கு வரவில்லை என்றால் 'ஆர்வம் இல்லை' என்று பெயரை அடித்துவிடுவது ரொம்பச் சுலபம். நான் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவேன். "தண்ணி வர்ற அன்னைக்கு இவ இல்லேன்னா குடத்த யாரு சார் தூக்குறது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர் வரும் நாட்களில் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றினோம், அந்தப் பெண் திரும்ப வந்தாள்.

விடியற்காலை என்றதும் அடுத்த பிரச்சினை பசி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், என்னம்மா சாப்பிட்டாய் என்றால் "டீத்தண்ணி சார்". அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் மாநிலப் போட்டி வரை ஆடுகிற வயதில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இரண்டுமே கிடையாது! முன்னாள் மாணவிகள் சிலரிடம் சொன்னேன். இப்போது பயிற்சி முடிந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் ஆளுக்கொரு அவித்த முட்டையும் கிடைக்கிறது.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பற்றிப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். சின்ன வயதிலேயே அப்பா, அம்மாவை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், வெறுங்காலோடு ஓடியவர், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். அவருடைய திறமையைக் கண்டுகொண்ட பயிற்சியாளர் கண்ணன், தயங்கிய பாட்டியிடம் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினார். அந்தப் பேச்சுக்கு எந்தப் பதக்கப் பட்டியலிலும் இடமில்லை, ஆனால் அது இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம் சான்றிதழ். விளையாட்டு விடுதிக்கும், கல்லூரி இடத்துக்கும், அரசு வேலையில் உள்ள 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் அந்தத் தாள்தான் பேசும், ஆனால் எந்தப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு போட்டு நகல்களை நானே வைத்திருக்கிறேன்.

பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் முதல் கட்டமான குறுவட்டப் போட்டியிலேயே தோற்றுவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். அவர்களையும் அணியை விட்டு அனுப்புவதில்லை. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் கூலி இருக்காது, சில வீடுகளில் பெண்ணின் படிப்பை நிறுத்தும் பேச்சும் அப்போதுதான் எழும், மைதானத்துக்கு வந்துகொண்டிருக்கிற பிள்ளை என்றால் அந்தச் செய்தி அன்றைக்கே என் காதுக்கு வந்துவிடும், மறுநாளே தலைமையாசிரியரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடலாம்.