உள்ளே இப்போது எத்தனை பேர்?

அம்பத்தூர் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் அட்மின் வேலை பார்க்கிறேன். வங்கி சர்வர்கள் இருக்கிற இடம் என்பதால் பிசிஐ டிஎஸ்எஸ் தணிக்கை, அதாவது கிரெடிட், டெபிட் கார்டு விவரங்களின் பாதுகாப்புக்கான தணிக்கை, வருடா வருடம் உண்டு. போன முறை வந்த ஆடிட்டர் காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "இந்த நிமிஷம் கட்டடத்துக்குள்ள யார் யார் இருக்காங்க?" செக்யூரிட்டி மேஜையில் கிடந்த நீள நோட்டை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வந்த நேரத்தை எல்லோரும் எழுதியிருந்தார்கள், வெளியே போன நேரம் பாதிப் பேருக்கு இல்லை. அந்தக் கணக்குப்படி மூன்று நாள் முன்னால் வந்த ஏசி மெக்கானிக் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். போதாக்குறைக்கு, நோட்டைப் புரட்டுகிற யாருக்கும் முந்தி வந்தவர்களின் போன் நம்பர் கிடைக்கும்.

சரிசெய்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஐந்து மாதம் பிடித்தது.

முதலில் எச்ஆரிடம் ஊழியர் பட்டியலை வாங்கி, கதவு சாஃப்ட்வேரில் நடப்பில் இருக்கும் கார்டுகளோடு ஒப்பிட்டேன். 38 கார்டு அதிகம்! வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமான ஒருவரின் கார்டு சர்வர் ஹால் வரை திறக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. ஒருவர் போகும்போது லேப்டாப்பை வாங்குவார்கள், மெயிலை மூடுவார்கள், கார்டைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நோ டியூஸ் ஃபார்மில் என் கையெழுத்து இல்லாமல் செட்டில்மென்ட் கிடையாது.

கார்டும் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் ரகம். ரீடர் பக்கத்தில் வந்தாலே தன் நம்பரை அப்படியே ஒப்பித்துவிடும், சின்னக் கருவி ஒன்று இருந்தால் நகல் எடுத்துவிடலாம். வெண்டர் மலிவாக மைஃபேர் கிளாசிக் என்கிற ரகக் கார்டு போடலாம் என்றார். அதன் ரகசியக் குறியீட்டுப் பூட்டு 2008லேயே உடைபட்டது என்பதால் பிடிவாதமாக, அதைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் ரகத்தைக் கேட்டு வாங்கினேன்.

அப்புறம் கதவில் வைக்கிற கைரேகை. ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கு ஆசிட்டிலும் பினாயிலிலும் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. ஒரு அக்கா, "ரேஷன் கடையில படறது பத்தாதா தம்பி, இங்கயுமா?" என்றார். ஒத்துப்பார்க்கும் அளவைத் தளர்த்திவிடலாம் என்று வெண்டர் சொன்னார். தளர்த்தினால் அவர்களுக்கு மட்டுமா தளரும், எல்லோருக்கும்தானே. கடைசியில் அவர்களுக்குக் கார்டும் பின் நம்பரும் கொடுத்தோம், சர்வர் ஹாலுக்குள் போகும்போது கூட ஒரு இன்ஜினியர்.

உண்மையான தலைவலி நம்முடைய மரியாதை. கையில் டிபன் கேரியரோடு பின்னால் ஒருவர் வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம், முகத்தில் அடித்தாற்போல் சாத்த நமக்கு வராது. சர்வர் ஹாலில் மேன்டிராப் இருப்பதால் பிரச்சினை இல்லை, ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும். ஆபீஸ் தளத்தில் ஆன்டி பாஸ்பேக் போட்டோம்: கார்டு காட்டாமல் இன்னொருவர் பின்னால் உள்ளே வந்தவரின் கார்டு வெளியே போகும்போது வேலை செய்யாது. முதல் வாரம் சாயங்காலம் ஆறு மணிக்கு என் போன் ஓயவில்லை, திட்டாதவர்கள் குறைவு. மூன்றாவது வாரம் தானாக அடங்கியது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீ அலாரத்தை அடித்துப் பார்த்தோம். அலாரம் அடித்தால் காந்தப் பூட்டுக்குப் போகும் கரண்ட் அறுந்து கதவெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டாவது மாடியில் ஒரு கதவு மட்டும் அசையவில்லை. அதற்குத் தனியாக வேறு யூபிஎஸ்ஸிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார்கள்! வெளியாளைத் தடுக்கிற மும்முரத்தில் உள்ளே இருப்பவர்களைப் பூட்டி வைத்திருந்தோம், நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

விசிட்டர்களுக்கு வேறு நிறத்தில் ஒரு நாள் பாஸ், போகும்போது திருப்பித் தர வேண்டும். அடையாள அட்டையைப் பார்ப்போம், நகல் எடுக்க மாட்டோம். பதிவை மூன்று மாதமாவது வைத்திருக்கச் சொல்கிறது தணிக்கை விதி. டீசல் லாரி டிரைவர்தான் சிக்கல், கடைசி நிமிடத்தில் ஆள் மாறிவிடுவார், ஜெனரேட்டர் ஓடும்போது காக்கவைக்கவும் முடியாது. டீசல் நிரப்பும் குழாய் வாயையே காம்பவுண்டுக்கு வெளிப்பக்கம் கொண்டுபோனோம். அவர் உள்ளே வரவே தேவையில்லை. மொத்த வேலையில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இந்த வருடமும் அதே ஆடிட்டர், அதே கேள்வி. பட்டனைத் தட்டி எடுத்துக் கொடுத்தேன், 27 பேர். மனுஷன் எழுந்து தளம் தளமாகப் போய் எண்ணிவிட்டு வந்து 28 என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. தேடிப்போனால் பேன்ட்ரியில் பிளாஸ்கோடு டீ அண்ணன். ஆறு வருடமாக வருகிறார், செக்யூரிட்டி அவரைப் பார்த்ததுமே பட்டனை அமுக்கிக் கதவைத் திறந்துவிடுவார், அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரிப்போர்ட்டில் ஒரு வரி ஏறியது. இப்போது அண்ணனுக்கும் கார்டு உண்டு, பேன்ட்ரி வரை திறக்கும். போட்டோ நன்றாக விழவில்லை என்று திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்.