விளிம்பு சரிந்த ஆறங்குல ஆடியும் மூன்று கதைகளும்

நான்கு மாதங்களாகத் தேய்த்துவரும் என் ஆறங்குல எஃப்/8 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு) தொலைநோக்கி ஆடி, வளைவின் பிழைகளை நிழலாகக் காட்டும் ஃபூக்கோ சோதனையில் நேற்றிரவு மூன்றாவது முறையாக விளிம்பு சரிந்து, அதாவது ஓரம் அதிகமாகத் தேய்ந்து நின்றது. ஆடியிலிருந்து திரும்பிவரும் ஒளியைச் சவரப் பிளேடு வெட்டும்போது நடுப்பகுதியில் நிழல் சீராகவே பரவுகிறது. ஆனால் விளிம்பைச் சுற்றி இருபுறமும் தெரியவேண்டிய மெல்லிய ஒளிக்கோடு ஒரு பக்கம் மட்டும் காணவில்லை. 1858-இல் ஃபூக்கோ கண்டுபிடித்த இந்த எளிய சோதனையிடம் எந்தச் சாக்கும் செல்லாது.

தேய்ப்புக் கட்டம் ஐந்து வயது மகளும் இரண்டு வயது மகனும் உள்ள வீட்டுக்கு ஏற்றதாகவே இருந்தது. 80-ஆம் எண் கார்பரண்டம் என்ற தேய்ப்புத்தூளில் 1.2 மில்லிமீட்டர் குழிவு வரும்வரை, பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம், அழுகை கேட்டால் அப்படியே நிறுத்தம் என்று வேலை நகர்ந்தது. நள்ளிரவில் அம்மி அரைப்பது யார் என்று மாமியார் எழுந்துவந்து கேட்டதைத் தவிர வேறு இடையூறு இல்லை. (மகள் 220-ஆம் எண் தூளைக் கோலப்பொடி என்று நினைத்துப் பால்கனியில் சிக்குக்கோலம் போட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோலம் நன்றாகவே இருந்தது. பால்கனியை நான்கு முறை கழுவினேன்.)

மெருகேற்றம் அப்படிப்பட்டதன்று. மெருகேற்றும் தட்டில் பூசியிருக்கும் பிட்ச் என்ற கீல், பார்வைக்குக் கல்போல் இருந்தாலும் மெல்ல வழிந்துகொண்டே இருக்கும் பொருள் என்பதால், ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்குமுன் ஆடியைத் தட்டின்மேல் பொருத்தி, எடை ஏற்றி, இருபது இருபத்தைந்து நிமிடம் அழுத்தி வைத்தால்தான் அது ஆடியின் வளைவுக்கு இணங்கும். எனக்குக் கிடைப்பதோ இரவு எட்டரையிலிருந்து பத்துவரை. அதில் பாதி குழந்தைகளைத் தூங்கவைப்பதிலும் மீதியில் பாதி பிட்சை அழுத்துவதிலும் கழிந்தால், மெருகுத்தூளான சீரியம் ஆக்சைடைத் தொடும்போது கொட்டாவிதான் மிஞ்சும். ஆகவே இரண்டையும் ஒன்றாக்கினேன். ஆடியின்மேல் பலகை வைத்து, அதன்மேல் இரண்டு கிலோ துவரம்பருப்புப் பையைச் சமமாகப் பரப்பிவிட்டு, கதை சொல்லப் போய்விடுவேன். ஒரு கதை ஏழெட்டு நிமிடம். மூன்று கதைகள் ஓர் அழுத்தம். ஒரு மாதமாகக் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை.

போன வாரம் மூன்றாம் கதையில் குழந்தைகளுக்கு முன்னால் நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி மூன்றே கால். சீரியம் காய்ந்து, ஆடியும் பிட்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. திருகினாலும் நகரவில்லை, வெந்நீர் ஊற்றினால் பிட்ச் குழையும், கண்ணாடி விரிசல் விடவும் கூடும். துணியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் மர மத்தின் காம்பால் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டியதும் ‘டக்’கென்று பிரிந்தது. பிட்சில் மூன்று சதுரங்கள் பெயர்ந்தன. ஆடியில் கீறல் இல்லை.

விளிம்புச் சரிவுக்குக் காரணம் அந்த இரவன்று, பிட்சின் மென்மைதான் என்பது என் முடிவு. நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றவரின் பிட்சில், இரவு முப்பத்திரண்டு பாகை வெப்பத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்ததுமே பள்ளம் விழுகிறது. மூன்று கதைகள் நான்கானால் பிட்ச் சதுரங்களுக்கு இடையே உள்ள வாய்க்கால்களே மூடிக்கொள்கின்றன. மென்மையான பிட்ச் ஆடியின் ஓரத்தில் எழும்பி, அங்கே மட்டும் அதிகமாக அரித்துவிடுகிறது. ரோசின் என்ற மரப்பிசின் கலந்து மறுபடி உருக்கி இறுக்கவேண்டும். உருக்கும்போது எழும் புகையும் தீப்பிடிக்கும் அபாயமும் காரணமாக, குழந்தைகள் என் அம்மா வீட்டுக்குப் போகும் சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் ஆடியைத் தள்ளி இழுக்கும் வீச்சையும் விட்டத்தில் மூன்றிலொரு பங்கிலிருந்து நான்கிலொரு பங்காக, அதாவது ஒன்றரை அங்குலமாகக் குறைத்துப் பார்ப்பேன்.

நேற்றைய சோதனையின்போது மகள் தூங்காமல் எழுந்துவந்தாள். அனுப்பிவிட மனமில்லாமல், ஆடியின்மேல் ஒரு விரலை வைத்து இருபதுவரை எண்ணச் சொன்னேன். பிறகு பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்தவள், விரல் பட்ட இடத்தில் ஒரு குன்று எழுந்திருப்பதைக் கண்டு மூச்சை இழுத்தாள். விரலின் சூட்டில் கண்ணாடி மைக்ரானுக்கும் குறைவாக விரிந்தது நிழலில் மலையாகத் தெரிகிறது. அது அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அது அடங்குவதற்குள் தம்பியின் கையையும் வைக்கவேண்டும் என்று அவனை எழுப்பப் போனாள். இரண்டு மலைகளோடு அன்றைய அளவெடுப்பு முடிந்தது.

விளிம்பு சரியாகாமல், ஆடியைப் பரவளைவாக்கும் கட்டத்துக்குப் போகக் கூடாது என்று தெரிந்தும், அலுமினியப் பூச்சுக்கு விலை விசாரித்துவிட்டேன். 200 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் வாங்கி வந்துவிட்டேன். எட்டங்குல ஆடிக்கான கண்ணாடி வட்டு எங்கே மலிவு என்றும் கேட்டுவைத்திருக்கிறேன் என்பது வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. குழாய் இப்போது என் மகனின் பொம்மைக் காருக்குச் சுரங்கப்பாதை. உட்புறத்துக்குக் கருப்பு அடிப்பதற்குள் அதை அவனிடமிருந்து திரும்பப் பெறவேண்டும்.