ரேஷன் கார்டு விழுப்புரத்தில், டயாலிசிஸ் சென்னையில்

அப்பாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கிடைத்துவிட்டது. பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். நிம்மதியாக இருக்கிறது. ஆனால் இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அப்பாவின் பெயர் விழுப்புரத்தில் தம்பி வீட்டு ரேஷன் கார்டில் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்த பிறகுதான் என்னோடு சென்னைக்கு வந்தார். தனியார் மருத்துவமனையில் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்கு மேல், ரத்தம் ஊறுவதற்கான ஊசி தனி. வாரத்துக்கு மூன்று தடவை. தம்பிக்கு விவசாயம், எனக்குத் தையல். எவ்வளவு நாள் தாங்கும்?

காப்பீட்டு அட்டைக்கு விவரம் கேட்க இங்கே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெளி மாவட்டக் கார்டு இங்க செல்லாதும்மா. அங்க பேரை நீக்கிட்டு, இங்க சேர்த்துட்டு வாங்க" என்றார். நம்பினேன். நீக்கல் சான்று, என் கார்டில் சேர்க்க விண்ணப்பம், அது நிராகரிப்பு, மறுபடி விண்ணப்பம் என்று அலைச்சல். தம்பி வயலை விட்டுவிட்டு ஓடினான். இதற்கிடையே அப்பாவின் பெயர் எந்தக் கார்டிலும் இல்லாமல் சில வாரங்கள் போயின. அந்த வாரங்களுக்கும் பணம் கட்டித்தான் டயாலிசிஸ் செய்தோம்.

இவ்வளவும் தேவையே இல்லை என்று சொன்னவர் ஓர் அரசு மருத்துவமனையில் காப்பீட்டு கவுண்டரில் இருந்த பெண். திட்டம் தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றுதான். எந்த மாவட்டத்தில் அட்டை எடுத்தாலும் திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனையிலும் செல்லும். கார்டு எங்கே இருக்கிறதோ அந்த ஊரிலேயே வருமானச் சான்று வாங்கி, அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்தில் அட்டை எடுத்திருந்தால் போதும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியூரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்தியம் பார்க்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள்: ரேஷன் கார்டில் கை வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். நாங்கள் பாதி வழி போய்விட்டதால் என் கார்டிலேயே பெயரைச் சேர்த்து முடித்து, ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை எடுத்தோம். அந்த வேலை ஒரே காலையில் முடிந்தது.

சரி, அட்டை வந்துவிட்டது என்று புது டயாலிசிஸ் மையத்துக்குப் போனால், வைரஸ் ரிப்போர்ட் எங்கே என்றார்கள். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் சோதனை முடிவு இல்லாமல் யாரையும் மெஷினில் போட மாட்டார்கள். பி இருக்கிறவர்களுக்குத் தனி மெஷின் வேண்டும், அதனால் இது நியாயமான விதிதான். ஆனால் பழைய மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரியே இல்லை. அன்று டயாலிசிஸ் தவறியது. இரவெல்லாம் அப்பாவால் படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது, உட்கார்ந்தே இருந்தார். இடம் மாறுகிறவர்கள் பழைய இடத்தை விடுவதற்கு முன்னால் வைரஸ் ரிப்போர்ட், கடைசி சில தடவைகளின் டயாலிசிஸ் சீட்டு, ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து) அளவு, உலர் எடை (உடம்பில் தேங்கிய நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு ஒன்று. அப்பாவுக்குக் கழுத்தில் டியூப் போட்டுத்தான் டயாலிசிஸ் தொடங்கினார்கள். அவசரத்துக்கு அது சரி. ஆனால் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கை ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைக்க வேண்டும் என்று பழைய இடத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் மெஷினில் இருக்கும்போதே உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி குளிர் ஜுரம். டியூப் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்து ஊசி போட்டுத்தான் பிழைத்தார். புது மையத்து டாக்டரம்மா முதல் நாளே கேட்ட கேள்வி, "ஃபிஸ்டுலாவுக்கு எப்ப எழுதினாங்க?" என்பதுதான். நான் பேசாமல் நின்றேன்.

தமனியையும் சிரையையும் இணைக்கிற சின்ன ஆபரேஷன் அது. அரசு மருத்துவமனையில் செய்தார்கள், குறை ஒன்றும் இல்லை. ஆனால் சிரை தடித்து ஊசி ஏற்கும்படி ஆவதற்குக் குறைந்தது ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். அதனால்தான் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற கழிவு) ஏறிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லும்போதே, அதிகம் புழங்காத கையில் டிரிப்ஸ் ஏற்றவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். ஃபிஸ்டுலா வைத்த பிறகு அந்தக் கையில் பிரஷர்கூடப் பார்க்கக் கூடாது. ஒரு லேப் பையன் அந்தக் கையிலேயே ரப்பரைக் கட்ட வந்தான், அப்பாவே கையை இழுத்துக்கொண்டு "தம்பி, அந்தக் கை" என்றார். தினமும் காலையில் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கிறார். அதிர்வு நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். மெஷினில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் எடை, பிரஷர், எவ்வளவு நீர் எடுத்தார்கள் என்பது. அப்பாவுக்கு முடிக்கும் நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று முன்பு சொன்னார்கள். நோட்டைப் பார்த்த டாக்டரம்மா, வேகமாக நீர் எடுப்பதுதான் காரணம் என்றார். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் பார்ப்பது நல்லதாம். 55 கிலோ எடையுள்ள அப்பாவுக்கு நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டருக்குள் வரும். உலர் எடையை அரைக் கிலோ கூட்டி வைத்தார், வீட்டில் உப்பைக் குறைத்தோம். இப்போது இறங்கியதும் தானே நடந்து ஆட்டோவுக்கு வருகிறார்.

இன்னொன்றும் கேட்டு வாங்கியிருக்கிறேன். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் யூரியா என்ற கழிவின் அளவைப் பார்த்து, குறைந்தது 65 சதவீதம் இறங்குகிறதா என்று மாதம் ஒருமுறை சொல்ல வேண்டும். 120 இருந்தால் 42-க்குக் கீழே வர வேண்டும். "இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கக்கா" என்றார் டெக்னீஷியன் தம்பி. மறுமாதம் அவரே அப்பாவின் நோட்டை வாங்கி எழுதிக் கொடுத்தார்: 68. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியும் இப்போது ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார்.