பதினேழு வயதுப் பையன் கையில் கடைசிப் பந்து

2024 நவம்பர் 3-ம் தேதி இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து கணவரின் வேலைக்காக அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் டர்ஹமுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மாலையில் அபார்ட்மென்ட் வளாகத்தைச் சுற்றி நடப்பதுதான், அதுவும் போச்சே என்று ஜன்னலோரம் நின்றிருந்தேன். எதிர் வரிசையில் பாதி வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றிலும் அதே பலகைத் தரை, அதே நீலச் சட்டைகள். இந்த ஊர் டியூக் பல்கலைக்கழகத்தின் இந்த சீசன் முதல் கூடைப்பந்து ஆட்டம். நானும் டிவியைப் போட்டேன். அன்றைக்கு மெய்ன் பல்கலைக்கழகத்தை 96-62 என்று அடித்தார்கள். அதற்கப்புறம் ஒரு ஆட்டத்தையும் நான் விடவில்லை.

இந்த ஊருக்கு வருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும், டியூக்கா கரோலினாவா என்று. சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகம் இங்கிருந்து பத்து மைல்தான். இந்தப் பக்கம் ராலேயில் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகம். மூன்றும் ஒன்றையொன்று ஜென்மப் பகையாக நினைக்கும். வங்கியில் கேட்டார்கள், பல் டாக்டரிடம் கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துவைப்பேன். ஆனால் கூடைப்பந்து எனக்குப் புதிதில்லை. பள்ளியில் ஆறு வருஷம் சிமென்ட் கோர்ட்டில் ஆடியிருக்கிறேன், பி.எஸ்.ஜி. டிராபி நடக்கும்போது அப்பா ஸ்கூட்டரில் கூட்டிப் போவார், விளக்கு வெளிச்சத்தில் ரயில்வே அணியும் ராணுவ அணியும் மோதுவதைக் கடைசி விசில் வரை பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம். அந்தச் சத்தம், ஷூ தரையில் தேயும் அந்தக் கீச்சொலி, டிவி வழியாகத் திரும்பக் கேட்டபோது தொண்டையை அடைத்தது. வந்த மூன்று மாதத்தில் இந்த ஊர் எனக்குத் தெரிந்த ஊராகத் தோன்றியது அப்போதுதான்.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், டியூக்கின் கேமரான் அரங்கத்துக்குள் வாழ்க்கையில் இரண்டே முறைதான் போயிருக்கிறாராம். 1940-ல் கட்டிய அரங்கம், ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும், டிக்கெட் என்பது கனவு. தபால் பெட்டியடியில் ஒருநாள் மெய்ன் ஆட்டத்தைப் பற்றி நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அந்த 17 வயதுப் பையன், கூப்பர் ஃப்ளாக், 18 புள்ளி எடுத்துவிட்டுத் தசைப்பிடிப்பில் வெளியே போனானே, உடம்பு தாங்குமா என்று கேட்டேன். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார்.

அவர் சொன்னதில் பாதி வரலாறு. கடந்த மார்ச்சில் தேசியக் கல்லூரிக் கோப்பைப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்த டியூக், அந்த இறுதி எட்டில் என்.சி. ஸ்டேட்டிடம் தோற்றது, அதோடு அணியே கலைந்தது. சிலர் என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீகுக்கு, பலர் வேறு கல்லூரிகளுக்கு. போன வருடம் நிறைய நேரம் ஆடியவர்களில் இப்போது மிச்சம் டைரீஸ் ப்ராக்டர், கேலப் ஃபாஸ்டர் இரண்டே பேர். பயிற்சியாளர் ஜான் ஷையர் ஆறு முதலாண்டு மாணவர்களைக் கொண்டுவந்தார், துணைக்கு மற்ற கல்லூரிகளிலிருந்து சயன் ஜேம்ஸ், மலிக் ப்ரவுன், மேசன் கில்லிஸ் என்று விவரமான ஆட்களை எடுத்தார். என்.பி.ஏ.வில் சேர அந்த வருடத்துக்குள் 19 வயது நிரம்ப வேண்டும், பள்ளி முடிந்து ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், இந்தப் பிள்ளைகளில் பெரிய திறமைசாலிகள் ஒரே வருடம்தான் இங்கே இருப்பார்கள். பழகி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார்கள். 2015-ல் இப்படிப்பட்ட முதலாண்டுக்காரர்களை வைத்துத்தான் டியூக் கோப்பையை வென்றது. 2019-ல் ஸயன் வில்லியம்சன் இருந்தும் இறுதி எட்டில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் ஒரே புள்ளியில் தோற்றது. இரண்டையும் பார்த்தவர் என்பதால் பெரியவர் எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல மாட்டார்.

எங்கள் வளாகத்திலேயே மதுரைக்கார அக்கா ஒருவர் இருக்கிறார், இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, உப்புக்கல்லிலிருந்து டிரைவிங் டெஸ்ட் வரை எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். அவர் தீவிர கரோலினா கட்சி. நவம்பர் 12 அன்று கென்டக்கியோடு நடந்த ஆட்டத்தை அவர் வீட்டில் பார்த்தோம். அட்லாண்டாவில் நடந்தது. இடைவேளையில் டியூக் 9 புள்ளி முன்னால். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 72-72.

கடைசிச் சில நொடிகள். ஷையர் பந்தை ஃப்ளாக்கிடம் கொடுத்தார். பையன் ஏற்கெனவே 26 புள்ளி எடுத்திருந்தான், வேறு யாரிடம் கொடுப்பார்கள்? வேகமாக உள்ளே வெட்டினான். ஒரு நொடி பந்து அவன் உடம்பை விட்டுத் தள்ளி வந்தது, உள்ளங்கை அளவு தூரம்தான், கென்டக்கியின் ஒட்டேகா ஓவே தட்டிப் பறித்துக்கொண்டு ஓடி, ஃபவுல் வாங்கி, இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டான். அடுத்த முறையும் பந்து ஃப்ளாக்கின் கையில்தான், அதுவும் நழுவியது. 77-72.

"சின்னப் பையன்டி, பாவம். என் தங்கச்சி மகன் வயசு" என்றார் அக்கா. கரோலினாக்காரர் வாயிலிருந்து அப்படி வந்தது எனக்கு ஆச்சரியம். ஃப்ளாக் ஒரு வருடம் முன்னதாகவே பள்ளியை முடித்துக்கொண்டு வந்தவன், இல்லையென்றால் இப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருந்திருப்பான். இந்த டிசம்பர் 21-ல்தான் அவனுக்குப் பதினெட்டு நிரம்புகிறது.

மறுநாள் பெரியவரிடம், புது அணி, பழக வேண்டாமா என்று சமாதானம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கென்டக்கியும் புது அணிதானே, அங்கே பயிற்சியாளர் மார்க் போப்பே புதியவர், போன வருட அணியிலிருந்து முக்கியமான யாருமே மிஞ்சவில்லை, ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் சில வருஷம் வேறு வேறு இடங்களில் ஆடிப் பழகிய வளர்ந்த ஆட்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் சரி. புதிதாக இருப்பது வேறு, சிறுவயதாக இருப்பது வேறு. நானும் இந்த ஊருக்குப் புதிதுதான், ஆனால் 34 வயதில் வந்ததால் எந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்றாவது தெரிகிறது.

ஆர்மி, வாஃபர்டு போன்ற அணிகளை நாற்பது புள்ளி, ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. என்னை நம்பவைத்தது அரிஸோனா ஆட்டம்தான். நவம்பர் 22, அவர்கள் ஊரிலேயே, அவர்களை 55 புள்ளியில் நிறுத்தினார்கள். ஃப்ளாக் 24 எடுத்தான், ஆனால் நான் அதிகம் பார்த்தது தடுப்பாட்டத்தை. கூடைக்கு அடியில் கமான் மலுவாச், 7 அடி 2 அங்குலம், கையைத் தூக்கி நின்றாலே போதும், உள்ளே வந்தவர்கள் மனசு மாறித் திரும்பிப் போகிறார்கள். தெற்கு சூடானில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்த பிள்ளை, பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்காக ஆடியபோது அவனுக்கும் பதினேழுதான். எந்த ஊரையோ விட்டு இன்னொரு ஊரில் வளர்ந்து, இப்போது மூன்றாவதாக ஒரு ஊரில் நிற்கிறான் என்பதாலோ என்னவோ, அவன் ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போதெல்லாம் நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

தடுப்பாட்டத்தில் இந்த அணி ஏற்கெனவே பெரிய அணி. எல்லாருக்கும் நீளமான கை, ஆளை மாற்றி ஆளைப் பிடித்தாலும் சந்து விழுவதில்லை. குறை கடைசி இரண்டு நிமிஷத்தில்தான். எங்கள் மாஸ்டர் சொல்வார், "கண்ணு, நல்லா ஆடறவன்கிட்ட குடுக்காதே, நிதானமா இருக்கறவன்கிட்ட குடு." ப்ராக்டருக்கு இது மூன்றாவது வருடம். கடைசியில் பந்தை அவன் கொண்டுவரட்டும், ஃப்ளாக் பந்து இல்லாமல் ஓடி வந்து கூடைக்குப் பக்கத்தில் வாங்கட்டும். அப்படி ஆடினால் அவனைச் சுற்றி மூன்று பேர் மொய்க்க நேரம் இருக்காது. இதைப் பெரியவரிடம் சொன்னபோது ரொம்ப நேரம் தலையாட்டினார்.

நன்றி தெரிவிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் லாஸ் வேகஸில் கான்சஸிடமும் தோற்றோம், 75-72. அதுதான் ரொம்ப வலித்தது. கான்சஸின் முக்கிய ஆட்டக்காரர் ஹன்டர் டிக்கின்சனைப் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே வெளியேற்றிவிட்டார்கள். அப்படியும் முடியவில்லை. மறுநாள் பெரியவர் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை ஒன்றை அலுமினியத் தாளில் மூடிக் கொண்டுவந்தார். நான் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று தேங்காய்ப் பர்ஃபி வைத்துக் கொடுத்தேன்.

நேற்று, டிசம்பர் 4, ஆபர்ன் அணி கேமரானுக்கு வந்தது. நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருக்கும் அணி, வயதும் அனுபவமும் நிறைந்தது. ஆரம்பத்தில் நம் பிள்ளைகளை மிரட்டியே விட்டார்கள். அப்போது பெஞ்சிலிருந்து ஐசயா எவன்ஸ் வந்தான், ஒல்லிக்குச்சியாக ஒரு முதலாண்டுப் பையன். ஒரு த்ரீ, தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளி. இன்னொன்று. முதல் பாதியிலேயே ஆறு! நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெரியவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. ஃப்ளாக் 22 புள்ளி, 11 ரீபவுண்ட். 84-78. இந்த முறை கடைசி நிமிஷங்கள் கை நழுவவில்லை.

எட்டு ஆட்டத்தில் ஆறு வெற்றி. இந்தப் பிள்ளைகள் மார்ச் கடைசி வரை போவார்கள் என்று நான் நம்புகிறேன். அக்காவிடம் இன்று காலை போனில் அதைச் சொன்னேன். "பிப்ரவரி 1-ம் தேதி எங்காளுங்க கேமரானுக்கு வர்றாங்க, அன்னைக்கு என் வீட்டுக்கு வா, பார்க்கலாம்" என்றார். அதற்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை லூயிவில்லோடு ஆட்டம், வெளியூரில். பெரியவரை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், காரம் குறைத்து உப்புமா கிண்டலாமா இல்லை பணியாரம் சுடலாமா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.